‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்வதற்கு முன்

(நம் வளாகக் குழந்தைகள் கூடைப்பந்துப் போட்டியின் பரிசளிப்பு மாலையில், சமூகக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும். பின்னால் டீயும் சமோசாவும் தயாராக இருப்பது எனக்கும் தெரியும். ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

முதலில், போன மாதம் இங்கே நடந்த ஒரு சின்ன விஷயம். லீக் ஆட்டம் ஒன்றில் நம் பையன் ஒருவன் ஃப்ரீ த்ரோ போட்டான். பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. யாரோ அதை மொபைலில் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கெட்ட எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் நான் மேலே பேச முடியும்.

அடுத்து ஆலோசனைகள் வந்தன. “பயம், வேறொன்றுமில்லை” என்றார் ஒருவர். “போன வருஷம் கப் வாங்கின மிதப்பு” என்றார் இன்னொருவர். “எல்லாம் மனசுதான்” என்று ஒருவர் முடித்துவைத்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பையன் கீழே இறங்கவே இல்லை. இப்போது மறுபடி வருகிறான். இன்று இங்கே இருக்கிறானா என்று யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஓர் அமெரிக்க ஆட்டக்காரரின் நினைவாகவே இருந்தது. அவருக்கும் இதேதான் நடந்தது. என்ன, அவருடைய வீடியோவைப் பார்த்தது ஒரு வாட்ஸ்அப் குழு இல்லை, உலகமே பார்த்தது. அவர் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதல் இடத்தில் வந்த பையன்

பெயர் மார்கெல் ஃபுல்ட்ஸ். 1998 மே மாதம் பிறந்தவர், மேரிலாந்து மாநிலத்துக்காரர். கூடைப்பந்துக்குப் பேர்போன டிமாத்தா என்ற பள்ளியில் படித்தார். அங்கே பத்தாம் வகுப்பில் அவருக்குப் பள்ளியின் முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. ஜூனியர் அணியில்தான் ஆடினார். அதையும் தாண்டி வந்தவர் அவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக ஒரே ஒரு பருவம் ஆடினார். 25 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரி 23.2 புள்ளிகள். தூரத்திலிருந்து போடும் த்ரீ பாயிண்டரில் 41.3 சதவீதம் உள்ளே விழுந்தது. நூற்றுக்கு நாற்பது விழுந்தாலே நல்ல ஷூட்டர் என்பார்கள்.

என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2017இல் ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸ் அணிக்கு மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது. அதையும் எதிர்காலத்தில் வரவேண்டிய இன்னொரு முதல் சுற்று வாய்ப்பையும் பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு, முதல் வாய்ப்பை வாங்கினார்கள். ஃபுல்ட்ஸைப் பிடிக்கத்தான் அவ்வளவும். அப்போது அவருக்கு 19 வயது. மூன்றாவது வாய்ப்பில் பாஸ்டன் தேர்ந்தெடுத்தது ஜேசன் டேட்டம் என்பவரை. அவர் பெரிய நட்சத்திரமானார், 2024இல் சாம்பியன் அணியிலும் இருந்தார். ஆக, ஃபுல்ட்ஸ் தவறவிடும் ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் டேட்டம் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. நம் வீடுகளில் ‘எதிர் பிளாக் பையனைப் பார்’ என்கிறோமே, அந்த மாதிரி.

2017இல் பருவம் தொடங்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஃப்ரீ த்ரோ போடும் விதம் கல்லூரியில் இருந்ததுபோல இல்லை. தோள் வலி என்றார்கள். முதல் நான்கு ஆட்டங்களில் அவர் ஒரு த்ரீ பாயிண்டரைக்கூட முயன்று பார்க்கவில்லை. தோளிலிருந்து நீர் எடுத்தார்கள் என்று அவருடைய ஏஜென்ட் முதலில் சொன்னார். பிறகு, நீர் எடுக்கவில்லை, ஊசி மருந்துதான் செலுத்தினார்கள் என்று திருத்திச் சொன்னார். எறியும் முறையை மாற்றியதால் தோள் வலித்ததா, தோள் வலித்ததால் எறியும் முறை மாறியதா? இந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் தெளிவான பதில் இல்லை. தீர்ப்புகள் மட்டும் நிறைய இருந்தன.

68 ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்திருந்து, 2018 மார்ச் கடைசியில் திரும்பினார். ஏப்ரல் 11 அன்று மில்வாக்கி அணிக்கு எதிராக 13 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் இந்த மூன்றிலும் இரட்டை இலக்கம் எடுப்பதை ட்ரிபிள் டபுள் என்பார்கள். அதுவரை என்.பி.ஏ.வில் அதை எடுத்தவர்களிலேயே வயதில் இளையவர் அவர்தான். ஓட்டம், பாஸ், பார்வை எல்லாம் அப்படியே இருந்தன. தூரத்திலிருந்து எறிவது மட்டும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது பருவம்

அந்தக் கோடை முழுக்கப் பயிற்சி செய்தார். ஒன்றரை லட்சம் முறை எறிந்து பழகியதாக அப்போது செய்தி வந்தது. ஒன்றரை லட்சம்! இந்த எண்ணைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? ‘ஆஹா, என்ன உழைப்பு!’ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2018 அக்டோபரில் இரண்டாவது பருவம் ஆரம்பித்தது. பயிற்சியாளர் அவரைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். ஆனால் இரண்டாம் பாதியைத் தொடங்கும்போது அவரை உட்காரவைத்துவிட்டு, நல்ல ஷூட்டரான ஜே.ஜே. ரெடிக்கை இறக்குவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். 20 வயதுப் பையனுக்குத் தெரியாதா?

நவம்பர் 12, மயாமியில் ஆட்டம். ஃபுல்ட்ஸ் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறார். பந்தைத் தூக்குகிறார், பாதியில் நிற்கிறது, கைக்குள் ஒரு தடுமாற்றம், அதற்குப் பிறகுதான் பந்து வெளியே போகிறது. பந்து கைநழுவியது என்று பிறகு சொன்னார். அந்தச் சில விநாடி வீடியோ உலகம் சுற்றியது. பின்னணியில் பாட்டுப் போட்டார்கள், மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பெரிய மனிதர்கள், பழைய ஆட்டக்காரர்கள் உட்பட, தொலைக்காட்சியில் உட்கார்ந்து சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: எல்லாம் மனசுதான்.

அடுத்த வாரம், நவம்பர் 19க்குப் பிறகு, அவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடவே இல்லை. சிறப்பு மருத்துவர்களைப் பார்க்கப் போகிறார், அதுவரை பயிற்சியும் கிடையாது, ஆட்டமும் கிடையாது என்று ஏஜென்ட் அறிவித்தார். அதையும் சாக்கு என்றவர்கள் உண்டு. டிசம்பர் 4 அன்று முடிவு வந்தது. அவருக்கு இருந்தது தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்ற கோளாறு, அதிலும் நரம்பு அழுந்துகிற வகை.

தோளுக்குள் என்ன நடந்தது

பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் புரியக்கூடியதுதான். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு இருக்கிறது, அதற்கு அடியில் முதல் விலா எலும்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து. கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடத்தில் நரம்பு நசுங்கினால் தோளில் வலி வரும், கை மரத்துப்போகும், விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பிடிமானம் குறையும். கையை மேலே தூக்கும்போது தொல்லை கூடும். பந்தைக் கையால் வேகமாக எறிகிறவர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இது வருவது உண்டு. பேஸ்பால் வீரர் மேட் ஹார்வி இதற்காக 2016இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. ஒரு ஸ்கேன் எடுத்தோம், தெரிந்துவிட்டது என்று சொல்லக்கூடிய ஒற்றைப் பரிசோதனை இதற்குக் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நன்றாக ஓடுவார், குதிப்பார், பந்து கடத்துவார். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில்தான் சிக்கல். பார்க்கிறவர்களுக்கு அது பயமாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நம் வளாகத்தில் பொறியாளர்கள் அதிகம் என்பதால் ரசிப்பீர்கள். வளையத்தின் விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம். பந்து செங்குத்தாக மேலேயிருந்து இறங்கினால் அதற்கு முழு 18 அங்குலமும் கிடைக்கும். 45 பாகைச் சாய்வில் இறங்கினால், பந்து வரும் திசையிலிருந்து பார்க்கும்போது வளையம் சுமார் 12.7 அங்குலம்தான் திறந்திருக்கும். 30 பாகையில் தட்டையாக வந்தால் 9 அங்குலம்தான். பந்தே அதைவிடப் பெரியது! வளையத்தில் இடிக்காமல் உள்ளே போகவே முடியாது.

ஆக, கையை முழுதாக உயர்த்த முடியாதவர் எறியும் பந்து தட்டையாகப் போகும், தட்டையாகப் போகும் பந்து இடித்துத் திரும்பும். இதில் தைரியம், கோழைத்தனம் எதுவும் இல்லை. இப்போது அந்த ஒன்றரை லட்சத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும். சரியானதைச் செய்தால் சரியானதைக் கற்றுக்கொள்ளும். வலியைத் தவிர்க்கக் கையை ஒரு மாதிரி வளைத்து எறிந்தால், அந்த வளைவையும் அதே சிரத்தையோடு கற்றுக்கொள்ளும். ‘இன்னும் நூறு போடு, சரியாகிவிடும்’ என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, சில சமயம் நாம் தப்பைத்தான் நூறு தடவை எழுதிப் பார்க்கச் சொல்கிறோம்.

மனசும் உண்டு

அப்படியானால் மனசுக்கு இதில் வேலையே இல்லையா? அப்படிச் சொன்னால் அதுவும் தவறு. இன்னொருவர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிக் ஆண்டர்சன், ஆர்லாண்டோ மேஜிக் அணிக்காரர். அந்த அணி டிராஃப்டில் தேர்ந்தெடுத்த முதல் ஆட்டக்காரரே அவர்தான். 1995 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், எதிரணி ஹூஸ்டன். கடைசிப் பத்து விநாடி, ஆர்லாண்டோ மூன்று புள்ளி முன்னால். ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் போதும். இரண்டும் தவறின. திரும்பி வந்த பந்தை அவரே பிடித்தார், மறுபடி ஃபௌல், மறுபடி இரண்டு. அவையும் தவறின. ஹூஸ்டன் த்ரீ பாயிண்டர் போட்டுச் சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் 120–118 என்று வென்றது. பிறகு தொடரையே 4–0 என்று எடுத்துக்கொண்டது.

அந்தப் பருவத்தில் ஆண்டர்சனின் ஃப்ரீ த்ரோ சதவீதம் 70.4. இரண்டு பருவம் கழித்து 40.4. அந்த நான்கு பந்துகள் அவரை விடவில்லை. மனசு அவ்வளவு செய்யும்.

அதனால் ஃபுல்ட்ஸுக்கு உடம்பு மட்டும்தான் காரணம், மனசு துளியும் இல்லை என்று நானும் இங்கே நின்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவரோடு அந்தக் கோடையில் உழைத்த பயிற்சியாளரே முதலில் மனத்தடை என்றுதான் பேசினார். நரம்பு வலியோடு இருபதாயிரம் பேர் முன்னால் நிற்பவனுக்குப் பயமும் வரத்தானே செய்யும்? நான் சொல்வது இவ்வளவுதான்: உடம்பைப் பார்க்காமலே மனசு என்று சொன்னார்கள். வரிசை தப்பு. இதில் இன்னொரு கேடும் உண்டு. ‘மனசுதான்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் தேட மாட்டார்கள். பையனும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டான், சொன்னால் சாக்கு என்பார்களே என்று.

எண்களைப் படிக்கும் விதம்

அந்த இரண்டாவது பருவத்தில் ஃபுல்ட்ஸின் த்ரீ பாயிண்டர் 28.6 சதவீதம். கேட்க மோசம்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், 14 முயற்சியில் 4. இன்னும் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் 35.7 சதவீதம் ஆகியிருக்கும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 14 பந்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நூற்றுக்கு 35 போடக்கூடிய நல்ல ஆட்டக்காரர்கூட ஏதாவது ஒரு நாள் 20 பந்தில் மூன்றோ நான்கோதான் போடுவார். அதெல்லாம் சரிவு இல்லை, சாதாரண ஏற்ற இறக்கம்.

அப்படியானால் எங்கே பார்க்க வேண்டும்? 19 ஆட்டத்தில் மொத்தமே 14 தடவைதான் முயன்றார் என்பதைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் தயங்காமல் எறிந்தவர், இப்போது ஆளில்லாமல் நின்றாலும் பந்தை இன்னொருவரிடம் தள்ளிவிட்டார். இன்னொன்று ஃப்ரீ த்ரோ. தடுக்க ஆள் இல்லை, தூரம் மாறாது, 15 அடி. லீக் முழுவதற்கும் சராசரி 76 சதவீதத்துக்கு மேல். இவருக்கு 56.8. கல்லூரியிலேயே 64.9தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கம் முதலிலிருந்தே கொஞ்சம் பலவீனம் இருந்தது. 41.3ஐப் பார்த்து மயங்கியவர்கள் இதைப் பார்க்கவில்லை.

நம் குழந்தைகளுக்கும் இதே அளவுகோல்தான். எத்தனை தவறியது என்று எண்ணாதீர்கள். எத்தனை எறியாமல் விட்டான், எத்தனை நாள் கீழே வராமல் இருந்தான் என்று பாருங்கள். தவறவிடுகிற பிள்ளை ஆடிக்கொண்டிருக்கிறான். எறியாமல் ஒதுங்குகிற பிள்ளையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஆர்லாண்டோ

2019 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அவரை ஆர்லாண்டோவுக்கு மாற்றிவிட்டது. ஆமாம், நிக் ஆண்டர்சனின் அதே ஆர்லாண்டோ. அவர்கள் செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்கள் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. பிசியோதெரபி, ஓய்வு, யாரும் படம் பிடிக்காத பயிற்சி. கோடையும் அப்படியே போனது.

அடுத்த பருவத்தில் 72 ஆட்டம் ஆடினார். சராசரி 12.1 புள்ளி. ஃப்ரீ த்ரோ 73 சதவீதம் ஆனது. 2020 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 21 புள்ளி, 11 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். ஆர்லாண்டோ 119–118 என்று வென்றது.

சினிமாவாக இருந்தால் இங்கே முடித்திருப்பார்கள். ஆனால் நிஜம் வேறு. 2020 டிசம்பரில் மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த மாதமே, 2021 ஜனவரி 6 அன்று, இடது முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்து, 2022 பிப்ரவரி கடைசியில் திரும்பினார். அடுத்த பருவத்தில் 60 ஆட்டம், சராசரி 14 புள்ளி, ஃப்ரீ த்ரோ 78.3 சதவீதம். அவர் வாழ்க்கையிலேயே நல்ல பருவம் அதுதான். த்ரீ பாயிண்டர் மட்டும் கடைசிவரை பழையபடி வரவில்லை. அந்தப் பருவத்தில்கூட 31 சதவீதம்தான். அது இல்லாமலே வேறு வழியில் ஆடக் கற்றுக்கொண்டார். வளையத்துக்கு அருகே போவது, நடுத்தூரத்திலிருந்து எறிவது, மற்றவர்களுக்குப் பந்து கொடுப்பது என்று ஆட்டத்தை அமைத்துக்கொண்டார்.

முதல் இடத்தில் வந்தவரிடம் எதிர்பார்த்தது இது இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் 20 வயதில் உலகமே சிரித்த ஒரு பையன், 24 வயதில் அதே ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்று, நாலில் மூன்றுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தான். குணமாவது என்றால் பழையபடி ஆவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நம் வளையத்தடியில்

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், எனக்கும் இதில் ஒரு கடன் இருக்கிறது. என் மகனுக்குப் பதினான்கு வயதில் மளமளவென்று உயரம் கூடியது. கை நீண்டது, கால் நீண்டது. அதுவரை நன்றாக எறிந்துகொண்டிருந்தவனுக்குப் பந்து எங்கெங்கோ போனது. வளர்கிற வயதில் இது சகஜம். உடம்பின் அளவு மாறும்போது பழைய கணக்கெல்லாம் தப்பும், கொஞ்ச நாளில் தானாகச் சரியாகும். அன்று எனக்கு அது தெரியாது. தினமும் ஓரத்தில் நின்று “கவனம் இல்லை, முழங்கையை உள்ளே வை, பயப்படாதே” என்று கத்தினேன். ஒரு நாள் ஷூவைக் கழற்றி வைத்தான். அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. இப்போது அவனுக்கு நல்ல வேலை, நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஷூ கொஞ்ச நாள் பால்கனியிலேயே கிடந்தது எனக்கு மறக்கவில்லை.

ஆகவே பெரியவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, பிள்ளையின் ஆட்டம் திடீரென்று மாறினால் காரணம் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். வலிக்கிறதா? எங்கே? கையைத் தலைக்கு மேலே இரண்டு நிமிடம் தூக்கி வைத்தால் மரத்துப்போகிறதா? பலகை தெளிவாகத் தெரிகிறதா? தூங்கினாயா? வலி ஒரு வாரத்துக்குமேல் இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு மனசைப் பற்றிப் பேசலாம். அதையும் கேலியாகப் பேச வேண்டாம், காய்ச்சலைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவோம்.

இரண்டாவது, பந்தையும் வளையத்தையும் பாருங்கள். நம் வளையம் பெரியவர்களுக்கான 3.05 மீட்டர் உயரம். சின்னக் குழந்தைகளின் மினி பாஸ்கெட்பாலுக்கு உலகக் கூட்டமைப்பு வைத்திருக்கும் உயரம் 2.60 மீட்டர், பந்தும் ஐந்தாம் எண் பந்து. நாம் பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஏழாம் எண் பந்தைக் கொடுத்துவிட்டு, ஏன் எட்டவில்லை என்று கேட்கிறோம். எட்டவில்லை என்றால் பிள்ளை இடுப்பிலிருந்து தூக்கி வீசும், அதே பழக்கமாகிவிடும். உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு ஸ்டாண்டும் ஐந்தாம் எண் பந்து நான்கும் வாங்குவதைப் பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டும் என்று செயலாளரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, பால்கனியிலிருந்து கோச்சிங் வேண்டாம். பி பிளாக்கிலிருந்து ஒரு குரல், சி பிளாக்கிலிருந்து ஒரு குரல் வந்தால் பிள்ளை எதைக் கேட்பான்? தாத்தாக்கள் கைதட்டலாம். அதற்குத் தடை இல்லை.

நான்காவது, குழந்தைகள் தடுமாறுகிற வீடியோவை நம் குழுவில் போடக்கூடாது என்று ஒரு வரி விதியாகச் சேர்ப்போம். தண்ணீர் லாரி, பார்க்கிங், மெயின்டனன்ஸ் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறோம். இதற்கும் ஒன்று இருக்கட்டும். நல்லதைப் போடுவதென்றாலும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவோம்.

குழந்தைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். வலித்தால் சொல்லுங்கள். யாராவது அதைச் சாக்கு என்றால், மார்கெல் ஃபுல்ட்ஸ் கதை தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் என்னிடம் அனுப்புங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன். பந்து விழாத நாளிலும் கீழே வாருங்கள்.

போன மாதம் நான் போட்ட அந்தச் சிரிப்பை நான் அழித்துவிட்டேன். அழித்தால் மட்டும் போதாது என்பதால்தான் இன்று இவ்வளவு பேசினேன். அந்தப் பையனிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவாயில்லை அங்கிள், நீங்கள் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டுக் காட்டுங்கள்” என்றான். பத்துப் போட்டேன். எத்தனை விழுந்தது என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவன் வீடியோ எடுக்கவில்லை, நல்ல பிள்ளை.

சமோசா ஆறிக்கொண்டிருக்கிறது.